பொங்கல் இலையில் கண்ணுக்கு என்ன இருக்கிறது?

பரங்கிக்காயும் கீரையும் கொடுப்பதை வெல்லப்பாகு பறித்துக்கொள்ளாமல் பண்டிகை சமைக்க ஒரு வழிகாட்டி

போகிக்கு முந்தைய இரவு. கோயம்பேடு சந்தையில் கால் வைக்க இடமில்லை. லாரியிலிருந்து கரும்புக் கட்டுகள் சரசரவென்று சரிகின்றன. இலையோடு கூடிய மஞ்சள் கொத்துகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நெருக்கித் தள்ளிப் போகிறார்கள். காய்கறிப் பக்கம் சாக்கை விரித்து முழுப் பரங்கிக்காய்களைக் குவித்திருக்கிறார் ஒரு வியாபாரி. நீளக் கத்தியைக் காயின் மேல் வைத்து, அதன் முதுகில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார். காய் இரண்டாகப் பிளந்து, விதையும் நாருமாக ஆரஞ்சு நிறச் சதை தெரிகிறது. வாங்க வந்த பெண்மணி சதையை நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, "இது வெளுத்திருக்கு. அந்தச் செவந்த காயில ஒரு கீத்து போடுங்கண்ணே" என்கிறார்.

அவர் ருசிக்காகத்தான் கேட்டார். முற்றிச் சிவந்த காய்தான் இனிக்கும். கண்ணுக்கு வேண்டியதும் அந்தச் சிவப்புதான். பரங்கியின் சதைக்கு நிறம் கொடுக்கும் பொருள்களில் முக்கியமானது பீட்டா கரோட்டின். அதை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. டெல்டாவில் பரங்கி, சென்னையில் மஞ்சள் பூசணி, கோவைப் பக்கம் அரசாணிக்காய் என்று பெயர் எதுவானாலும் காய் ஒன்றுதான். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை மேல் அதன் பூவை வைத்தோம். தை பிறந்ததும் காயை அறுத்துக் குழம்பில் போடுகிறோம்.

இன்று கண்ணைப் பற்றிப் பேசாத வீடு அரிது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாடி, அப்பாவுக்குச் சர்க்கரை, பாட்டிக்குப் புரை, எல்லோர் கையிலும் கைப்பேசி. பண்டிகை நெருங்கினால் கூடவே ஒரு கேள்வியும் வருகிறது: கண்ணுக்கு நல்லதாக என்ன சமைக்கலாம்? இதற்காகப் புதுப் பண்டம் எதையும் தேடிப் போக வேண்டாம். நம் பண்டிகைச் சமையலின் பழைய வரிசையிலேயே விடை இருக்கிறது. அந்த வரிசையில் குழம்பும் கூட்டும் கீரையும் வருடா வருடம் சுருங்கி, இனிப்பு மட்டும் பெருத்துக்கொண்டே வருவதுதான் சிக்கல்.

கண் கேட்பது என்ன?

மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமி விழித்திரையில் இருக்கிறது. அது உருவாக வைட்டமின் ஏ வேண்டும். குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பிறகு விழி வெண்படலம் வறளும். முற்றினால் கருவிழியே கரைந்து பார்வை போய்விடும்.

விழித்திரையின் நட்டநடுவே மேக்குலா என்ற சிறு பகுதி உண்டு. எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் அதுதான் உதவுகிறது. அங்கே லூட்டீன், ஸியாஸாந்தின் என்ற இரண்டு மஞ்சள் நிறமிகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை உடம்பால் தயாரிக்க முடியாது. கீரை, மக்காச்சோளம், பச்சைப் பட்டாணி, முட்டை மஞ்சள் கரு என்று சாப்பாட்டின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். துத்தநாகம் இல்லாவிட்டால், ஈரலில் சேமித்த வைட்டமின் ஏயைக் கண்வரை கொண்டு சேர்க்கும் புரதம் போதிய அளவு உருவாகாது. விழித்திரைச் செல்களின் சவ்வில் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு நிறைய இருக்கிறது. அது மீனில் கிடைக்கும்.

---
பெட்டிச் செய்தி: எந்தப் பண்டிகை, எந்தப் பண்டம்?

பொங்கல்: பரங்கி, ஆரஞ்சுச் சதை சர்க்கரைவள்ளி: பீட்டா கரோட்டின். மொச்சை: புரதம், துத்தநாகம்.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி: அகத்திக்கீரை: பீட்டா கரோட்டின், லூட்டீன். நெல்லிக்காய்: வைட்டமின் சி.

ஆடிக் கூழ்: முருங்கைக்கீரைப் பொரியல். கேரட்டை விடவும் பீட்டா கரோட்டின் அதிகம்.

நவராத்திரி: கொண்டைக்கடலை, காராமணி, பச்சைப் பட்டாணிச் சுண்டல்: துத்தநாகம், நார்ச்சத்து.

தீபாவளி, கிறிஸ்துமஸ், பக்ரீத்: ஆட்டு ஈரல், முட்டை: நேரடி வைட்டமின் ஏ.

காணும் பொங்கல்: மத்தி, அயிலை: டி.எச்.ஏ.

---

குழம்புச் சட்டிக்குள்

பொங்கலன்று அதிகம் பேசப்படுவது சர்க்கரைப் பொங்கல். கண்ணின் கணக்கில் அன்றைய முதல் மரியாதை பக்கத்து அடுப்பில் கொதிக்கும் பொங்கல் குழம்புக்குத்தான். பலகாய்க் குழம்பு என்றும் ஏழுகறிக் குழம்பு என்றும் ஊருக்கொரு பெயரில் அது வழங்குகிறது. அதை வைக்கும் முறையிலேயே சத்தைக் காப்பாற்றும் பக்குவம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தை மாதத்தில் பச்சை மொச்சை கிடைக்கும் என்பதால் ஊறவைக்கும் வேலை இல்லை. அதை முதலில் உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவிடுங்கள். சேனையைத் தனியாக, நீர்த்த புளித்தண்ணீரில் வேகவைத்தால் நாக்கு அரிக்காது. மொச்சையோடு வாழைக்காய், அவரை, கத்தரி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றைச் சேருங்கள். பரங்கி கடைசியில். சீக்கிரம் குழைந்துவிடும் காய் என்பதால் தோலோடு பெரிய துண்டுகளாகப் போட வேண்டும். எல்லாம் முக்கால் பதம் வெந்த பிறகுதான் கெட்டிப் புளி. முன்னாலேயே ஊற்றினால் காய் விறைத்துக்கொண்டு வேகாமல் அடம்பிடிக்கும். மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, தேங்காய் வறுத்து அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. பிறகு நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி மூடிவிட வேண்டும்.

இதில் மூன்று விஷயங்கள் கண்ணுக்குச் சாதகம். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் வேகும்போது செல் சுவர்கள் உடைந்து கரோட்டின் வெளியே வருகிறது. பச்சையாகக் கடிப்பதைவிட வேகவைத்ததிலிருந்து உடம்பு அதிகம் எடுத்துக்கொள்கிறது. வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே குழம்பு வைப்பதால் தண்ணீரில் கரையும் சத்துகளும் தப்பிக்கின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது அந்தத் தாளிப்பு. கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். எண்ணெயோ நெய்யோ தேங்காயோ கூட இல்லாவிட்டால் அதில் பெரும்பங்கு குடல் வழியாகவே வெளியேறிவிடும். குழந்தைகள் கீரையிலிருந்து கரோட்டினை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1980-இல் ஆராய்ந்தபோது, 5 கிராம் கொழுப்பு சேர்ந்தாலே போதிய பலன் கிடைப்பது தெரிந்தது. 5 கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. கொழுப்பே ஆகாது என்று கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அண்டா நிறைய நெய் ஊற்றவும் இது காரணமாகாது.

மறுநாள் சுண்டவைத்த குழம்பின் ருசியே தனி. அதற்குக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் நாளும் அதையே ஏற்றி இறக்கினால் வைட்டமின் சி அநேகமாகப் போய்விடும், கரோட்டினும் குறையும். காய்களைச் சிப்ஸாக எண்ணெயில் பொரித்தெடுத்தாலும் இழப்புதான். முருங்கையிலையைப் பொடிக்காகக் காயவைப்பவர்கள் நிழலில் உலர்த்துங்கள். வெயில் கரோட்டினைச் சிதைத்துவிடும்.

கிழங்கின் தோலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

பொங்கலுக்கு வரும் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் பெரும்பாலானவை வெளியே சிவப்புத் தோலும் உள்ளே வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள் சதையும் கொண்டவை. பசிக்கு நல்லது, நார்ச்சத்தும் உண்டு. வைட்டமின் ஏ கணக்கில் மட்டும் அதனால் பெரிய பலன் இல்லை. சதை ஆரஞ்சாக இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற ரகத்தை உருவாக்கியிருக்கிறது. 100 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொண்டது அது. வழக்கமான ரகங்களில் 2 முதல் 3 மில்லிகிராம்தான். இந்த மாதிரி ஆரஞ்சுக் கிழங்கு உழவர் சந்தைகளுக்கு வரவேண்டுமென்றால் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். கேட்காத சரக்கை எந்த வியாபாரியும் இறக்க மாட்டார். தோட்டக்கலைத் துறையும் பொங்கல் பட்டத்தை மனத்தில் வைத்து இந்த விதைக்கொடியை விவசாயிகளிடம் கொண்டுசேர்த்தால், ஒரே பண்டிகையில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது போய்விடும்.

அகத்தி, முருங்கை, ஈரல்

வைகுண்ட ஏகாதசிக்குப் பட்டினி கிடந்து, மறுநாள் விடியற்காலையில் விரதம் முடிக்கும் இலையைப் பாருங்கள். அகத்திக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். கண்ணுக்கென்று ஓர் ஊட்டச்சத்து நிபுணரை உட்காரவைத்துப் பட்டியல் போடச் சொன்னாலும் இதைவிடப் பெரிதாக மாறாது. அகத்தி கசக்கும் என்று பிள்ளைகள் ஒதுக்கினால், பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் தாராளமாகச் சேர்த்துக் கிளறுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் வேகவைப்பது இன்னொரு வீட்டு வழி.

வட மாவட்டங்களில் ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்கு முருங்கைக்கீரைப் பொரியலும் கருவாட்டுக் குழம்பும்தான் ஜோடி. சர்க்கரைத் துளி இல்லாத பண்டிகைச் சாப்பாடு அது. நம் ஆண்டு வரிசையில் அதற்கு இன்னும் உயர்ந்த இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். நவராத்திரிச் சுண்டலும் அப்படியே. ஒன்பது நாளும் ஒன்பது தானியம் என்று வைத்திருந்ததில் இப்போது கேசரியும் பர்பியும் நுழைந்துவிட்டன.

தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் வைக்கும் வீடுகளில் ஈரல் வறுவல் இருந்தால், வைட்டமின் ஏ தேவை அன்றே நிறைந்துவிடும். 50 கிராம் ஆட்டு ஈரலிலேயே ஒரு நாள் தேவைக்கு மேல் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். காய்கறிக் கரோட்டினைத் தேவைக்கேற்பத்தான் உடம்பு மாற்றிக்கொள்ளும். ஈரலில் இருப்பது தயாராக உள்ள வைட்டமின் ஏ. அது அளவுக்கு மீறினால், குறிப்பாகக் கர்ப்பத்தின் முதல் மாதங்களில், சிசுவைப் பாதிக்கலாம். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்த்துக் கீரையும் பரங்கியும் சாப்பிடட்டும்.

மதுரையும் திருச்சியும் கற்றுக்கொடுத்தவை

ஒரு தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டில் வைட்டமின் ஏ குறைபாட்டால் குழந்தைகள் பார்வை இழப்பது அபூர்வமாக இருக்கவில்லை. 1976-இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, 1970-களில் இத்தகைய குழந்தைகளுக்காக மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தையும் நடத்தினார். ஆப்பரேஷன் கத்தியால் திருத்த முடியாத குருடு இது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மத்திய அரசு 1970-இல் வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது.

பிறகு திருச்சி மாவட்டத்தில் நடந்த ஆய்வை உலகமே திரும்பிப் பார்த்தது. அரவிந்தின் டாக்டர் லக்ஷ்மி ரஹமதுல்லா குழுவினர் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய 15,419 குழந்தைகளிடம் நடத்திய அந்த ஆய்வு 1990-இல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளிடையே இறப்பு 54 சதவிகிதம் குறைந்தது. அந்த வார அளவு 8,333 யூனிட். அது சாப்பாட்டின் வழியாகவே எட்டக்கூடிய அளவு. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கிறது என்பதை உலகத்துக்கு நிரூபித்ததில் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு.

இன்று மாலைக்கண் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த இடத்தை இன்னொரு நோய் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்று இல்லாமையால் கண் போனது. இன்று மிகுதியால் போகிறது.

இனிப்பு கேட்கும் விலை

சர்க்கரைப் பொங்கலின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கால் கிலோ பச்சரிசிக்கு அரை கிலோ வெல்லம் என்பது பல வீட்டு அளவு. பத்துப் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 50 கிராம் வெல்லம். வெல்லத்தில் இரும்புச் சத்து இருக்கிறது, அது உடம்புக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லியே அளவு ஏறிவிட்டது. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் இதில் பெரிதாக வேறுபடுவதில்லை. நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கப்பட்ட சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலைப் பொங்கல் ஒன்றே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. பாயசம், கரும்பு, விருந்தாளி கொண்டுவந்த இனிப்புப் பெட்டி எல்லாம் அதற்கு மேல்தான்.

ஒரு நாள் இனிப்பால் யாருடைய விழித்திரையும் கெட்டுவிடாது. ஐப்பசியில் தீபாவளிக்கு அடுக்கிய பட்சணம் தீரும் முன்னே கிறிஸ்துமஸ் கேக், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்று மாதம் வீட்டில் இனிப்பு டப்பா காலியாவதே இல்லை. சர்க்கரை நோய் உள்ளவரின் ரத்தக் குழாய்களுக்கு அந்த மூன்று மாதம் சிறிய காலம் இல்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இந்தியாப் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது.

அந்தப் பாதிப்பு எப்படி வருகிறது? ரத்தத்தில் சர்க்கரை நீண்டகாலம் உயர்ந்தே இருந்தால் விழித்திரையின் மயிரிழைக் குழாய்கள் பலவீனமாகின்றன. ஆங்காங்கே புடைத்து, நீரும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு மேக்குலாவில் தேங்கினால் எழுத்து மங்கும், நேர்க்கோடு வளைந்து தெரியும். அடைபட்ட இடங்களில் ரத்தம் போதாமல் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை வலுவற்றவை. ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவினால் பார்வை திடீரென்று இருண்டுவிடும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் கட்டங்களில் வலி இல்லை, சிவப்பு இல்லை, மங்கல்கூட இல்லை. நன்றாகத் தெரிகிறதே என்று நினைத்திருக்கும்போதே உள்ளே சேதம் நடந்துகொண்டிருக்கும். லேசரும் ஊசி மருந்தும் மேற்கொண்டு கெடாமல் தடுக்கின்றன. இழந்ததை முழுமையாக மீட்டுத் தருவது கடினம்.

நம்பிக்கை தரும் பக்கமும் உண்டு. பிரிட்டனில் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற நீண்ட ஆய்வில், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஒரு சதவிகிதம் இறங்கினால் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவிகிதம் குறைவாக இருந்தன. எந்தக் கீரையும் எந்த மாத்திரையும் சர்க்கரை நோயாளியின் கண்ணுக்கு இவ்வளவு செய்ததில்லை. கண்ணுக்காகச் சமைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் முதலில் அவர் எடுக்க வேண்டியது வெல்லம் அளக்கும் படியைத்தான்.

சர்க்கரைப் பொங்கலை நிறுத்த வேண்டாம். அது படையல், அது சந்தோஷம். அரிசிக்கு இரண்டு பங்கு வெல்லம் என்பதை ஒரு பங்காக்குங்கள். பாசிப்பருப்பை அரிசிக்குச் சமமாகக் கூட்டுங்கள். ஏலமும் பச்சைக் கற்பூரமும் சரியாக விழுந்தால் இனிப்புக் குறைந்தது நாக்குக்கு அதிகம் தெரியாது. படைத்த பிறகு, வெறும் வயிற்றில் தட்டு நிறையச் சாப்பிடாமல், மதிய இலையின் கடைசியில் இரண்டு கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இலையிலும் ஒரு வரிசை உண்டு. கூட்டு, பொரியல், சுண்டல், பருப்பு இவற்றை முதலில் தின்று, சோற்றைப் பிறகு தொட்டால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. வெண்பொங்கலை வரகு, சாமையில் செய்தால் கவலை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். நார்ச்சத்து கூடும், நல்லதுதான். ஆனால் அதுவும் மாவுச்சத்தே. அளவு பார்த்துத்தான் போட வேண்டும். அப்பளம், ஊறுகாய், வற்றல் என்று உப்பு ஏறுவதையும் மறக்கக் கூடாது. ரத்த அழுத்தமும் விழித்திரைக் குழாய்களைக் கெடுக்கும்.

ரமலான் நோன்பு இருக்கும் சர்க்கரை நோயாளிகள், நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்புக் கஞ்சியில் கேரட்டும் பயறும் கூடட்டும், பேரீச்சை ஒன்றிரண்டோடு நிற்கட்டும்.

---
பெட்டிச் செய்தி: பண்டிகை முடிந்த கையோடு கண்ணாடி வாங்கலாமா?

சர்க்கரை ஏறியிருக்கும் நாள்களில் கண்ணின் லென்ஸ் நீர்கோத்துப் பார்வை மங்கலாம், பவரும் மாறிக் காட்டலாம். அப்போது எடுத்த அளவில் கண்ணாடி போட்டால், சர்க்கரை இறங்கிய பிறகு அது பொருந்தாது. சில வாரம் சர்க்கரை சீரான பின் பவர் பார்ப்பதே சரி. மங்கல் திடீரென்று வந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

---

கேரட் தின்றால் கண்ணாடி கழலுமா?

கழலாது. கிட்டப்பார்வை என்பது விழிக்கோளம் நீண்டுபோவதால் வருவது. வைட்டமின் ஏ குறைவாக உள்ளவருக்குக் கேரட் மருந்து. போதுமான அளவு உள்ளவர் மேலும் தின்பதால் பார்வை கூர்மையாகாது. அளவு மீறினால் உள்ளங்கை மஞ்சளாகும். அது காமாலை இல்லை, தீங்கும் இல்லை. பொன்னாங்கண்ணி நல்ல கீரை, வாரம் இரண்டு முறை சமைக்கலாம். ஆனால் கண்புரையைக் கரைக்கும் கீரை எதுவும் இல்லை. புரைக்கு வழி அறுவை சிகிச்சை ஒன்றுதான். அதைத் தள்ளிப்போட்டுக் கீரையை நம்பி உட்காருவது வயதானவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்குச் சமையலறையைவிடத் தெரு அதிகம் உதவும். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவிகிதம். வழக்கம்போல் விட்ட பள்ளிகளில் 39.5 சதவிகிதம். பொங்கல் விடுமுறையில் உறியடிக்கும் கோலிக்கும் பட்டத்துக்கும் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். கைப்பேசி வீட்டில் இருக்கட்டும்.

கண்ணுக்கு என்று விற்கும் மாத்திரைகள் எல்லோருக்கும் ஆனவை அல்ல. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ், ஏரெட்ஸ்-2 ஆய்வுகள் மேக்குலா சிதைவு நடுத்தரக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு, நோய் முற்றுவதைக் குறிப்பிட்ட ஒரு சத்துக் கலவை தாமதப்படுத்துவதைக் காட்டின. 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் ஸியாஸாந்தினும் அதில் அடக்கம். நோய் வராதவருக்கு வராமல் தடுக்கும் என்று அவை நிறுவவில்லை. மீனெண்ணெய் மாத்திரை சேர்த்தும் கூடுதல் பலன் தெரியவில்லை. புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரை விழுங்கினால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. பரங்கிக்காயில் அந்த ஆபத்து இல்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டக் கூடாது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கீரை, கிழங்கின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கண்ணில் நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய், தாய்ப்பால் விடும் வழக்கம் இன்னமும் சில வீடுகளில் இருக்கிறது. கிருமி தொற்றிக் கருவிழி புண்ணாகி, பார்வை போக இது ஒன்றே போதும். கண்ணுக்கான உணவு வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அடுப்புக்கு முன் நிற்பவரின் கண்

கண்ணுக்கு நல்ல சாப்பாட்டை யார் சமைக்கிறார்கள், எந்தப் புகையில் நின்று சமைக்கிறார்கள் என்பதை நாம் கேட்பதே இல்லை. விறகடுப்புப் புகையில் பல ஆண்டு சமைக்கும் பெண்களுக்குக் கண்புரை அதிகம் வருவதை இந்தியாவில் நடந்த பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வாசலில் புதுப்பானை வைத்துப் பொங்கலிடுவது அழகு. அன்று காற்று புகையைத் தள்ளும் பக்கத்தில் உட்காராதீர்கள், ஈர விறகு வேண்டாம். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை நிறுத்துவது ஊர் மொத்தத்தின் கண்ணுக்கும் செய்யும் உதவி. முறுக்கு, அதிரசம் சுடும்போது ஈரக் கரண்டியை எண்ணெயில் விட்டால் தெறிக்கும். தெறித்தது கண்ணில் பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கசக்கக் கூடாது, வீட்டு வைத்தியம் கூடாது. சமைத்த பெண்ணும் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும். குழம்பில் காய் தீர்ந்து வெறும் சாறு மிஞ்சிய பிறகு அவர் இலை போடும் வழக்கம் இருக்கும்வரை, வீட்டிலேயே சத்துக் குறைந்த சாப்பாடு அவருடையதாகத்தான் இருக்கும்.

காணும் பொங்கல் முடிந்ததும்

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் யாராவது, கடந்த ஓராண்டில் விழித்திரைப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாரா என்று இந்த விடுமுறையில் கேளுங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் நோய் தெரிந்த அன்றே முதல் பரிசோதனை, பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறை. முதல் வகை என்றால் நோய் வந்து ஐந்து ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். சர்க்கரை நோயோடு கருவுற்றவர்கள் முதல் மூன்று மாதத்திலேயே பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இந்தப் பரிசோதனை ஆகாது. கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொட்டு விட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது. அதனால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், துணைக்கு ஒருவர் கூடப் போங்கள்.